கேமராவுக்கு இந்தப் பக்கம்: ஃபேஷன் விளம்பர ஷூட்டில் வேலை செய்வோருக்கான முழு வழிகாட்டி

விளம்பரப் பலகையில் ஒரு கோட்டு மாடலின் தோளில் அளவெடுத்துத் தைத்ததுபோல் நிற்கும். அவரைத் திருப்பி நிறுத்திப் பார்த்தால், முதுகில் ஐந்தாறு கிளிப்புகள் அந்தக் கோட்டைப் பின்னால் இழுத்துப் பிடித்திருக்கும். காலணியின் அடியில் டேப் ஒட்டியிருக்கும். காலருக்குள் விலைச்சீட்டு மடித்துச் செருகியிருக்கும். ஃபிரேமுக்கு ஓர் அடி வெளியே ஒருவர் வெள்ளைப் பலகையைத் தூக்கிப் பிடித்துக் கை வலிக்க நின்றிருப்பார்.

அந்தக் கிளிப்பைப் போட்டவருக்கும், பலகையைப் பிடித்தவருக்கும், நாளை அந்த இடத்தில் நிற்க நினைப்பவருக்கும் இதை எழுதுகிறேன். நான் லைட் தூக்கும் உதவியாளராகத் தொடங்கியவன். அப்புறம் சில காலம் உடைகளைப் பார்த்துக்கொண்டேன், பிறகு கணினி முன் உட்கார்ந்து படங்களைச் சரிபார்த்தேன். இந்த வேலையில் நான் புரிந்துகொண்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஷூட்டில் இருப்பவை ஏறக்குறைய எல்லாமே இரவல். உடை, நிறுவனத்திடம் உள்ள ஒரே ஒரு சாம்பிளாக இருக்கலாம். லைட்டுகள் வாடகைக்கு வந்தவை. ஸ்டுடியோ மணிக்கணக்கில் எடுத்தது. மாடலின் முகம்கூட இத்தனை மாதத்துக்கு, இந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தந்தது. ஷட்டர் திறந்திருப்பது பெரும்பாலும் நொடியில் 160இல் ஒரு பங்குதான். அந்தக் கணத்துக்கு முன்னும் பின்னும் இந்த இரவல் பொருள்களையெல்லாம் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் நம் வேலை இருக்கிறது.

யார் யார்

முதல்முறை ஷூட்டுக்குப் போனால் எல்லோரும் கறுப்புச் சட்டையில் ஓடிக்கொண்டிருப்பார்கள், யார் என்ன வேலை என்று தெரியாது. கறுப்புச் சட்டைக்கே ஒரு காரணம் உண்டு. வெளிர் நிறச் சட்டை போட்டு லைட் அருகில் நின்றால் அந்த நிறம் மாடலின் தோலில் பட்டுத் திரும்பும்.

கிளையண்ட் என்பவர் விளம்பரத்துக்குப் பணம் தரும் நிறுவனத்தின் ஆள். ஆர்ட் டைரக்டர் விளம்பர நிறுவனத்தின் சார்பில் படம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர். தயாரிப்பாளர் பணம், நேரம், அனுமதி, சாப்பாடு எல்லாவற்றையும் கட்டி மேய்ப்பவர். போட்டோகிராஃபருக்குக் கீழே முதல் உதவியாளர் லைட்டுகளைப் பார்ப்பார், இரண்டாம் உதவியாளர் அவருக்குக் கைகொடுப்பார். கணினியைப் பார்ப்பவரை டிஜிட்டல் டெக் என்பார்கள். ஸ்டைலிஸ்ட் உடைகளைத் தேர்ந்தெடுப்பவர். அவருடைய உதவியாளர்தான் ஷூட்டில் அதிகம் நடப்பவர். முடி, மேக்கப், நகம், செட் அலங்காரம், படம் முடிந்தபின் அதைக் கணினியில் திருத்தும் ரீடச் என்று மற்றவர்கள் இருப்பார்கள். சின்ன ஷூட்டில் ஒரே ஆள் மூன்று வேலை பார்ப்பார்.

இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட முக்கியமானது, எந்தப் பேச்சு யார் வழியாகப் போகும் என்பது. காலரில் மடிப்பு இருப்பதைப் பார்த்தால் மாடலிடம் நேராகச் சொல்லக்கூடாது, ஸ்டைலிஸ்ட்டிடம் சொல்ல வேண்டும். லைட் பற்றிய சந்தேகத்தை முதல் உதவியாளரிடம் கேட்க வேண்டும். மாடலுக்கு நான்கு திசையிலிருந்து "தலையைத் திருப்பு", "கையை இறக்கு" என்று குரல் வந்தால் அவர் குழம்பிவிடுவார். படம் எடுக்கும்போது அவருக்கு ஒரு குரல் மட்டும் கேட்க வேண்டும், அது போட்டோகிராஃபருடையது.

உள்ளே நுழைவது எப்படி

பெரும்பாலோர் டெஸ்ட் ஷூட் வழியாக நுழைகிறார்கள். புதிய மாடல், புதிய போட்டோகிராஃபர், புதிய மேக்கப் கலைஞர் எல்லோரும் தங்கள் போர்ட்ஃபோலியோவுக்காக ஒன்றுசேர்ந்து எடுப்பது அது. எல்லோரும் சம்பளம் இல்லாமல் வருகிறார்கள், எல்லோருக்கும் படம் கிடைக்கிறது. அது நியாயம். ஆனால் பணம் வாங்கி எடுக்கும் விளம்பர ஷூட்டில் "அனுபவம் கிடைக்குமே" என்று உங்களை மட்டும் இலவசமாகக் கூப்பிட்டால் மறுத்துவிடுங்கள்.

உதவியாளர் வேலை கேட்டு எழுதும்போது செய்தி சிறிதாக இருக்கட்டும். எந்த ஊரில் இருக்கிறீர்கள், எந்தக் கருவிகளைக் கையாளத் தெரியும், எந்தத் தேதிகளில் வர முடியும் என்பவை போதும். உங்கள் சொந்தப் படங்களை இருபது இணைத்து அனுப்பாதீர்கள். அவர் தேடுவது இன்னொரு போட்டோகிராஃபரை அல்ல. வேலை உறுதியானதும் நாள் சம்பளம், எத்தனை மணி நேரம், அதற்கு மேல் போனால் எவ்வளவு, பயணச் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும் என்ற ஐந்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இதைக் கேட்பதால் யாரும் உங்களைத் தவறாக நினைக்க மாட்டார்கள்.

படி 1: படம் எங்கே போகப்போகிறது என்று கேளுங்கள்

பிரீஃப் என்ற வேலைக் குறிப்புத் தாள் ஒன்று வரும், கூடவே படம் எப்படித் தோன்ற வேண்டும் என்று காட்டும் மாதிரிப் படங்களின் தொகுப்பான மூட்போர்டும் வரும். மூட்போர்டைப் பார்த்து ரசிப்பதற்கு முன் பிரீஃபில் ஒரு வரியைத் தேடுங்கள்: இந்தப் படம் எந்த வடிவத்தில் வெளியாகும்? சாலையோரப் பலகை படுத்த வாக்கில் நீளமாக இருக்கும். கைபேசித் திரை 9:16 என்ற அகல உயர விகிதத்தில் நிமிர்ந்து நிற்கும். பத்திரிகையில் இரண்டு பக்கம் விரித்துப் போட்டால் நடுமடிப்பு வரும், அந்த மடிப்பில் மாடலின் முகம் விழுந்துவிடக்கூடாது. எழுத்துகளும் முத்திரையும் உட்கார வெற்றிடம் விட வேண்டும்.

இதெல்லாம் ஆர்ட் டைரக்டரின் தலைவலி என்று விட்டுவிட முடியாது. பின்னணியில் தொங்கவிடும் பேக்டிராப் தாள் எவ்வளவு அகலம் வேண்டும், லைட் ஸ்டாண்டை எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும், காலணிக்கு டேப் ஒட்டும் அளவுக்குக் கால் ஃபிரேமில் வருமா என்பதெல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. கேப்ச்சர் ஒன் மென்பொருளில் விளம்பரத்தின் லேஅவுட்டை ஒரு மெல்லிய படலமாகப் படத்தின் மேல் போட்டுப் பார்க்கும் வசதி உண்டு. அந்தக் கோப்பை முந்தைய நாளே கேட்டு வாங்கி வையுங்கள்.

படி 2: கால்ஷீட்டும் ஷாட் லிஸ்ட்டும்

சினிமாப் பேச்சில் கால்ஷீட் என்றால் நடிகர் தரும் தேதி. இங்கே அது முந்தைய மாலை எல்லோருக்கும் அனுப்பப்படும் தாள். இடம், ஒவ்வொருவரும் வரவேண்டிய நேரம், தொடர்பு எண்கள், வானிலை, அருகிலுள்ள மருத்துவமனை எல்லாம் அதில் இருக்கும். எல்லோரையும் ஒரே நேரத்துக்குக் கூப்பிடும் கால்ஷீட் மோசமான கால்ஷீட். முடி அலங்காரத்துக்கும் மேக்கப்புக்கும் சேர்த்து ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும் என்றால், மாடலும் அவர்களும் முதலில் வர வேண்டும். லைட் குழு அந்த நேரத்தில் செட்டைக் கட்ட வேண்டும். கிளையண்ட் கடைசியில் வந்தால் போதும்.

எடுக்க வேண்டிய படங்களின் பட்டியலான ஷாட் லிஸ்ட்டில் வரிசைதான் உயிர். மேக்கப் மெல்லியதிலிருந்து அடர்த்திக்குப் போக வேண்டும். சிவப்பு உதட்டுச்சாயத்தைத் துடைத்துவிட்டு இயல்பான உதட்டுக்குத் திரும்பினால் அந்தச் சிவப்பின் கறை உதட்டோரத்தில் நின்றுவிடும். முடியும் அப்படித்தான்: ஜெல் தடவி ஒட்ட வாரியபின் பறக்கும் கூந்தல் வேண்டுமென்றால் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் வர வேண்டும். தோல் அதிகம் தெரியும் உடைகளைக் காலையிலேயே எடுத்துவிடுவது நல்லது. இறுக்கமான உடையைக் கழற்றினால் எலாஸ்டிக் தடம் தோலில் வெகுநேரம் இருக்கும். அதனால்தான் ஷூட்டுக்கு வரும்போதே தளர்வான உடையில் வரும்படி மாடலுக்குக் கால்ஷீட்டில் ஒரு வரி எழுதுவார்கள்.

படி 3: உடை

இங்கே கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். ஃபேஷன் விளம்பரத்தில் விற்கப்படுவது உடை. மற்றதெல்லாம் அதற்காகத்தான்.

புகைப்படத்தின் வரலாற்றிலேயே இது நீண்டநாள் கதை. 1911இல் எட்வர்ட் ஸ்டைகன் என்ற போட்டோகிராஃபர் பாரிஸில் பால் புவாரே என்ற ஆடை வடிவமைப்பாளரின் கவுன்களைப் படமெடுத்தார். துணி விழும் விதத்தையும் அசைவையும் காட்டிய அந்தப் படங்களைத்தான் நவீன ஃபேஷன் புகைப்படத்தின் தொடக்கமாகப் பலர் சொல்கிறார்கள். 1955 ஆகஸ்டில் ரிச்சர்ட் அவெடன், டொவீமா என்ற மாடலைப் பாரிஸின் குளிர்கால சர்க்கஸ் கூடத்தில் யானைகளுக்கு நடுவே நிறுத்தி எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அதில் டொவீமா போட்டிருந்த, டியோர் என்ற ஆடை நிறுவனத்தின் உடையை வரைந்தது, அப்போது அந்த நிறுவனத்தில் உதவியாளராக இருந்த இளைஞர் ஈவ் சான் லோரான். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த உதவியாளர்தான் நினைவுக்கு வருவார்.

உடைகள் வந்து சேர்ந்ததும் முதல் வேலை, ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் படமெடுத்துப் பட்டியலில் ஏற்றுவது. எங்கிருந்து வந்தது, என்ன அளவு, எந்த நிலையில் வந்தது, என்றைக்குத் திரும்ப வேண்டும் எல்லாம் எழுதுங்கள். ஒரு பொத்தான் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் அதையும் கிட்டத்தில் படமெடுங்கள். இதைச் செய்யாமல் விட்டால், திருப்பித் தரும்போது எந்தக் கீறல் யாருடையது என்ற வாக்குவாதம் வரும், அதில் நீங்கள் ஜெயிக்க முடியாது. விலைச்சீட்டை எக்காரணம் கொண்டும் வெட்டாதீர்கள். உள்ளே மடித்துச் செருகுங்கள், கழற்றியே ஆக வேண்டுமென்றால் டேக் துப்பாக்கியால் திரும்ப மாட்டிவிடலாம்.

அடுத்தது சுருக்கம் எடுப்பது. இஸ்திரிப் பெட்டியைவிட ஸ்டீமர்தான் அதிகம் கைகொடுக்கும், ஆனால் ஒவ்வொரு துணிக்கும் ஒரு குணம் உண்டு. வெல்வெட்டை உள்பக்கமிருந்து ஆவி காட்ட வேண்டும், அழுத்தினால் அதன் மயிர் நசுங்கித் தடம் நின்றுவிடும். எல்லா மயிரும் ஒரே திசையில் படியும்படி பிரஷ்ஷால் வருடிவிட வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் திட்டுத்திட்டாக நிறம் மாறித் தெரியும். சீக்வின் எனும் பளபளக்கும் பிளாஸ்டிக் வில்லைகள் வெப்பத்தில் சுருண்டுவிடும். தோல் உடைக்கு ஆவியே ஆகாது. லினன் ஈரப்பதத்தோடு இஸ்திரி போட்டால் மட்டுமே படியும், படிந்தபின் மாடல் உட்கார்ந்தால் போச்சு. அதனால் அதைக் கடைசி நிமிடத்தில் மாட்டி, நின்றபடியே செட்டுக்கு அழைத்துப் போக வேண்டும்.

பட்டுத் துணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் உடை உதவியாளராக இருந்த முதல் மாதத்தில் வெளிர்நிறப் பட்டுச் சட்டை ஒன்றை ஸ்டீமரில் காட்டினேன். ஸ்டீமர் நன்றாகச் சூடேறும்வரை காத்திருக்கவில்லை. குழாயில் தேங்கியிருந்த தண்ணீர் மூன்று சொட்டாக மார்புப் பகுதியில் தெறித்தது. பட்டில் தண்ணீர் காய்ந்தால் விளிம்பு கட்டிய வட்டமாக நிற்கும். அந்தச் சட்டைதான் முதல் லுக், அதாவது அன்று முதலில் எடுக்க வேண்டிய உடை அலங்காரம். ஸ்டைலிஸ்ட் என்னைத் திட்டவில்லை. வரிசையை மாற்றி இரண்டாவது லுக்கை முன்னால் கொண்டுவந்தார், பிறகு அந்தச் சட்டைக்கு மேல் ஒரு ஜாக்கெட்டைப் போட்டு எடுத்தார். நிறுவனத்துக்கு அன்று மாலையே உண்மையைச் சொல்லி எழுதினோம். அதற்குப் பிறகு நான் ஸ்டீமரை முதலில் ஒரு பழைய துண்டின்மேல் பிடித்துத் தண்ணீர் தெறிப்பது நின்ற பிறகுதான் உடைமேல் கொண்டுபோவேன். உட்பக்கத் தையலோரத்தில் ஒரு இடத்தில் சோதித்துப் பார்ப்பேன். உப்புக்கறை வராமலிருக்கக் காய்ச்சி வடித்த நீர் மட்டும்தான் ஊற்றுவேன்.

பொருத்துவது ஒரு தனிக் கலை. மாதிரி உடைகள் ஒரே அளவில்தான் வரும், மாடலின் உடல் அப்படி வராது. பெரிதாக இருந்தால் முதுகில் நடுத்தண்டை ஒட்டிக் கிளிப் போட்டு இறுக்குங்கள். கிளிப்புகளைக் கீழிருந்து மேலாக, சீரான இடைவெளியில் போட வேண்டும். ஒரே இடத்தில் இறுக்கிப் பிடித்தால் முன்பக்கம் துணி நட்சத்திரம்போல் இழுத்துக் காட்டும். சிறிதாக இருந்தால் பின்பக்கம் ஜிப்பைத் திறந்துவிட்டு, இடுப்புப் பட்டையை மட்டும் நாடாவால் பிணைக்கலாம். தோல் உடையில் ஊசி குத்தவே கூடாது, அந்தத் துளை மூடாது. மெல்லிய பட்டிலும் அப்படித்தான். கீழ் மடிப்பைத் தற்காலிகமாக ஏற்ற இரட்டைப் பக்க டேப் போதும். குண்டூசி எத்தனை குத்தினீர்கள் என்று எண்ணி வையுங்கள், கழற்றும்போது அத்தனையும் கைக்கு வர வேண்டும். மாடல் உடைக்குள் மறந்துபோன ஓர் ஊசி என்ன செய்யும் என்று விளக்கத் தேவையில்லை.

உடை மாட்டுவது மேக்கப்புக்குப் பிறகு என்றால் முகத்தின்மேல் ஒரு மெல்லிய துணியைப் போட்டுவிட்டுத் தலைவழியாக இறக்குங்கள். காலணி அடியில் மென்மையாக உரியும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி ஓரங்களை அடிப்பகுதியின் வடிவத்துக்கு வெட்டிவிடுங்கள். மாடல் செருப்பில் நடந்து வரட்டும், காலணியைச் செட்டில் வைத்து மாட்டலாம். கறுப்பு உடையில் அக்குளில் பூசும் டியோடரன்ட்டின் வெள்ளைக்கோடு விழுந்தால் ஒரு பழைய நைலான் காலுறையால் தேய்த்தால் போய்விடும், தண்ணீர் தொடாதீர்கள்.

படி 4: உங்கள் பை

ஒவ்வொருவர் பையும் ஒவ்வொரு மாதிரி. உடை உதவியாளர் பையில் கிளிப்புகள், குண்டூசி, சேஃப்டி பின், ஊசி நூல், கத்தரி, இரட்டைப் பக்க டேப், தூசி உருளை, தோல் நிறத்துக்கேற்ற உள்ளாடைகள், காலணிக்குள் வைக்கும் பஞ்சட்டை இருக்கும். லைட் உதவியாளருக்குக் கஃபர் டேப் என்ற துணி டேப், கையுறை, பல்முனைக் கத்தி, அளவு நாடா, டார்ச், வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர். சாதாரணப் பொதி டேப்பைக் கஃபர் டேப்புக்குப் பதிலாகக் கொண்டுவராதீர்கள், அது உரிக்கும்போது பசையைத் தரையில் விட்டுவிட்டு வரும். இரண்டு பேருக்கும் பொதுவானது கைபேசி சார்ஜரும் ஒரு மாற்றுச் சட்டையும்.

படி 5: செட் கட்டுவது

இங்கே முதல் விதி யார் தலையிலும் எதுவும் விழக்கூடாது என்பது. லைட்டைத் தாங்கும் சி-ஸ்டாண்டின் மூன்று கால்களும் வெவ்வேறு உயரத்தில் இருக்கும். உயரமான காலைப் பாரம் தொங்கும் பக்கமாகத் திருப்புங்கள். மணல் மூட்டையை அந்தக் காலின்மேல் தொங்கவிடுங்கள், மூட்டை தரையில் உட்கார்ந்துவிட்டால் அதன் எடை ஸ்டாண்டுக்குப் பயன்படாது. குறுக்குக் கம்பியில் பாரம் கீழே இழுக்கும்போது திருகு இறுகும் பக்கமாக இருக்க வேண்டும், தளரும் பக்கமாக இருந்தால் ஒரு மணி நேரம் கழித்து லைட் மெல்லத் தலைகுனியும். அந்தக் கம்பியின் முனை யார் கண்ணுக்கும் நேராக நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு டென்னிஸ் பந்தைச் செருகிவையுங்கள். கேபிள்கள் நடைபாதையைத் தாண்டினால் முழுநீளத்துக்கும் டேப் ஒட்டுங்கள்.

பேக்டிராப் காகிதச் சுருள் பொதுவாக 2.72 மீட்டர் அகலத்தில் வரும். அதைப் படுக்கவைத்தால் நடுவில் தொய்ந்து அலை விழும், நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். சுவரும் தரையும் வளைந்து சேரும் சைக்ளோரமாவில் ஷூவோடு ஏறாதீர்கள். அந்த வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு தடம் விழுந்தால் யாராவது திரும்ப அடித்தாக வேண்டும்.

லைட்டைப் பற்றி ஒரே ஒரு கணக்கு தெரிந்தால் பாதி வேலை புரியும். லைட்டை மாடலிடமிருந்து இரண்டு மடங்கு தூரத்துக்கு நகர்த்தினால் அவர்மேல் விழும் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகும். அதனால் பக்கத்தில் இருக்கும் லைட்டை ஒரு சாண் நகர்த்தினாலே படம் மாறிவிடும், தூரத்தில் இருப்பதை நகர்த்தினால் கண்ணுக்கே தெரியாது. ஒவ்வொரு லைட்டின் இடத்தையும் தரையில் டேப்பால் குறித்து, உயரத்தையும் சக்தி எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். மதியம் மூன்று மணிக்கு "காலையில் எடுத்த மாதிரியே இன்னொன்று" என்று கட்டாயம் கேட்பார்கள்.

கறுப்பு உடை வெளிச்சத்தை விழுங்கும், பின்னாலிருந்து ஓரமாக ஒரு லைட் விழுந்தால்தான் உருவம் பிரிந்து தெரியும். வெள்ளை உடையில் இன்னொரு சிக்கல்: பல வெள்ளைத் துணிகளில் பளிச்சென்று காட்டச் சேர்க்கும் ரசாயனம் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். சில ஃபிளாஷ்களில் அது கூடுதலாகத் தெரியும். சட்டை நீலம் பாய்ந்ததுபோல் வந்தால் கேமராவைச் சந்தேகிக்கும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

படி 6: கணினி மேசை

ஒருகாலத்தில் போலராய்டில் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பிலிமைத் தொடுவார்கள். இன்று கேமராவிலிருந்து கேபிள் வழியாகப் படம் நேராகத் திரையில் வருகிறது, கிளையண்ட் உட்பட எல்லோரும் பார்க்கிறார்கள். அந்தக் கேபிள் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத்தில் இருப்பது யாரும் தடுக்கி விழாமல் இருக்க. அது சுமார் 5 மீட்டரைத் தாண்டினால் இடையில் சிக்னலை வலுவாக்கும் ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் போடாமல் நம்பாதீர்கள், நடுவில் தொடர்பு அறும். மாற்றுக் கேபிள் ஒன்று பக்கத்திலேயே இருக்கட்டும்.

கேப்ச்சர் ஒன்னில் அன்றைய வேலைக்கான கோப்புறையான செஷனை உருவாக்கி, கோப்பின் பெயரில் தேதியும் வேலையின் பெயரும் லுக் எண்ணும் வரும்படி செய்துவிடுங்கள். ஒவ்வொரு லைட்டிங் மாற்றத்துக்கும் ஒருமுறை மாடல் கையில் 24 நிறக் கட்டங்கள் உள்ள கலர் செக்கர் அட்டையைக் கொடுத்து ஒரு படம் எடுங்கள். அது இல்லாவிட்டால், படத்தைப் பார்த்து வாங்கியவர் கையில் வரும் உடை வேறு நிறமாக இருக்கலாம். ஒரே செட்டாக விற்கும் பேன்ட்டும் மேல்சட்டையும் பகல் வெளிச்சத்தில் ஒரே கறுப்பாகத் தெரிந்து, லைட்டின் கீழ் ஒன்று பழுப்பாகத் தெரிவதும் உண்டு. இரண்டு சாயங்களும் வேறு என்பதுதான் காரணம். அதைப் பார்த்ததும் சொல்லுங்கள், ரீடச்சில் சரிசெய்யத் திட்டமிடலாம்.

உங்கள் கண் முதலில் போகவேண்டியது ஃபோகஸுக்கு. ஒவ்வொரு சில படங்களுக்கும் ஒருமுறை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி இமையைப் பாருங்கள். அடுத்தது மோரே. துணியின் நெருக்கமான கோடும் நெசவும் கேமரா சென்சாரின் புள்ளிக்கட்டத்தோடு மோதிப் படத்தில் வானவில் அலை எழும். 100 சதவீதத்தில் பார்த்தும் அலை இருந்தால் அது திரையின் குறை அல்ல, படத்திலேயே இருக்கிறது. கேமராவை ஒரு அடி முன்னோ பின்னோ நகர்த்தினால், அல்லது கோணத்தை லேசாக மாற்றினால் பெரும்பாலும் மறைந்துவிடும். பிறகு ரீடச்சில் எடுப்பது பெரும்பாடு.

பிரதி எடுப்பதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஒவ்வொரு லுக் முடிந்ததும் இரண்டாவது வட்டுக்குப் படங்கள் போய்விட வேண்டும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வேறு இடத்தில் என்பது இந்தத் துறையில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம். இரண்டு வட்டிலும் கோப்புகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா என்று சரிபார்க்காமல் எந்த மெமரி கார்டையும் அழிக்காதீர்கள்.

படி 7: படம் எடுக்கும்போது

ஷட்டர் சத்தம் தொடங்கியபின் திரையை எல்லோரும் பார்ப்பார்கள், அதனால் நீங்கள் மாடலைப் பாருங்கள். எனக்கு ஒரு வழக்கம் உண்டு: மேலிருந்து கீழாக, நெற்றி முடி, காதணி, காலர், பொத்தான், கைப்பட்டை, இடுப்பு, கால் மடிப்பு, காலணி என்று ஒரே வரிசையில் பார்த்துக்கொண்டே இருப்பேன். ஏதாவது பிசகியிருந்தால் போட்டோகிராஃபர் ஒரு நொடி நிறுத்தும் இடத்துக்குக் காத்திருந்து உள்ளே போக வேண்டும். அவர் ஓட்டத்தில் இருக்கும்போது ஓர் இழை முடிக்காகக் குறுக்கே பாய்வது பெரிய தவறு. அந்த இழையை ரீடச்சில் எடுத்துவிடலாம், மாடலின் முகத்தில் அப்போது வந்திருந்த உணர்ச்சி திரும்ப வராது. ஆனால் சட்டையின் மடிப்பு உடையின் வடிவத்தையே கெடுத்தால் தயங்காமல் கையை உயர்த்துங்கள். எதை இப்போதே சரிசெய்வது, எதைப் பிறகு விடுவது என்ற இந்தத் தீர்ப்புதான் நல்ல உதவியாளரின் முழுத் திறமையும். பத்து ஷூட் போனால் வந்துவிடும்.

படி 8: மாடல்

இரவலில் மிகப் பெரிய இரவல் இது. உடை மாற்றத் திரை போட்ட தனி இடம் கட்டாயம் வேண்டும். கோடைக்கால உடைகளைக் குளிர்காலத்தில்தான் எடுப்பார்கள், எனவே ஒவ்வொரு இடைவெளியிலும் ஓர் அங்கியோடு நில்லுங்கள். தொடுவதற்கு முன் "காலரைச் சரிசெய்யட்டுமா?" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள், நூறாவது முறையும் சொல்லுங்கள். கைபேசியில் படமெடுத்துப் பகிராதீர்கள். விளம்பரம் வெளியாகும்வரை உடையே ரகசியம், உடை மாற்றும் இடம் எப்போதும் ரகசியம்.

மேக்கப் தூரிகைகள் ஒவ்வொரு முகத்துக்கும் சுத்தம் செய்யப்பட வேண்டும். மஸ்காராவுக்கு ஒருமுறை பயன்படுத்தும் குச்சி இருக்க வேண்டும். மாடலுக்கு 18 வயது ஆகவில்லையென்றால் பொறுப்பான பெரியவர் ஒருவர் ஷூட் முடியும்வரை கூடவே இருக்க வேண்டும். அது இல்லாமல் தொடங்கும் ஷூட்டில் நீங்கள் நிற்காதீர்கள்.

இவற்றைச் சட்டங்களும் தொடத் தொடங்கியிருக்கின்றன. பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல், மாடலின் உடல்வாகைத் திருத்தி மாற்றிய விளம்பரப் படத்தில் அது திருத்தப்பட்ட படம் என்று குறிப்பிட வேண்டும். அதே ஆண்டு எல்விஎம்எச், கெரிங் என்ற இரு ஆடம்பர ஃபேஷன் குழுமங்களும் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பெரியவர்களாகக் காட்டும் வேலைக்கு எடுப்பதில்லை என்று ஒரு சாசனத்தில் ஒப்புக்கொண்டன. நியூயார்க் மாநிலத்தில் 2025 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள சட்டம், மாடலின் டிஜிட்டல் பிரதியை உருவாக்கவோ பயன்படுத்தவோ தனியாக எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும் என்கிறது. நீங்கள் எங்கே வேலை செய்தாலும், மாடல் கையெழுத்திடும் தாளில் எந்த ஊடகம், எந்த நிலப்பரப்பு, எத்தனை காலம் என்பது நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கையெழுத்தை முதல் படத்துக்கு முன் வாங்குவதுதான் இருவருக்கும் நல்லது.

படி 9: பேக் அப்

பேக் அப் என்று குரல் கேட்டதும் கைதட்டல் எழும், எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். பொருள்கள் தொலைவது பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான். நகைகளையும் சின்ன அணிகலன்களையும் முதலில் எண்ணிப் பெட்டியில் பூட்டுங்கள். அடுத்து உடைகள். ஊசி, டேப், கிளிப் எல்லாவற்றையும் எடுத்து, காலணி டேப்பை மெதுவாக உரித்து, முதல் நாள் எடுத்த படத்தோடு ஒப்பிட்டு, அதே உறையில் அதே ஹேங்கரில் மாட்டுங்கள். மேக்கப் பட்டிருந்தால் மறைக்காதீர்கள். சீட்டில் எழுதிவிடுங்கள், எப்படிச் சுத்தம் செய்வது என்று அவர்களே முடிவு செய்யட்டும்.

லைட்டுகளின் விளக்குகளை ஆறவிட்டுப் பெட்டியில் வையுங்கள். வாடகைப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்துக் குறியிடுங்கள், ஒரு கேபிள் குறைந்தாலும் மறுநாள் அழைப்பு வரும். பேக்டிராப் காகிதத்தின் அழுக்கான பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சுருட்டி நிமிர்த்தி வையுங்கள். தரையில் ஒட்டிய டேப் ஒவ்வொன்றையும் உரித்தெடுங்கள்.

கணினி மேசையை மூடுவது கடைசியில். இரண்டு வட்டுகளும் ஒரே பையில், ஒரே வண்டியில் போகக்கூடாது. ஒன்று போட்டோகிராஃபரோடு, மற்றொன்று தயாரிப்பாளரோடு போகட்டும். யார் கையில் எது போனது என்று இருவருக்கும் ஒரே செய்தியில் எழுதி அனுப்பிவிட்டு, அதற்குப் பதில் வந்ததைப் பார்த்த பிறகு கிளம்புங்கள்.